ஓட்டை போட்ட எலும்புகள்

தெல்லிப்பழைக்குப் போகும் வழியில், ஒரு புகையிலைத் தோட்டத்தின் அருகே ஆட்டோவை நிறுத்தச் சொல்கிறேன். தறப்பாள் நிழலில் சதுரமாகக் குழிகள் வெட்டியிருக்கிறார்கள். தொல்லியல்காரர்கள் செம்மண்ணைத் தூரிகையால் கூட்டுகிறார்கள். ஒரு தட்டில் விரல்நகம் அளவுக்கு எலும்புத் துண்டுகள் காய்கின்றன. எல்லாம் மாட்டெலும்பு, பழைய காலத்தில் இறந்தவரின் கழுத்தில் கட்டிப் புதைத்த மாலையின் மணிகளாக இருக்கலாம் என்கிறார் பொறுப்பாளர்.

எனக்கு முன்னரே வந்து குழியோரம் குந்தியிருக்கிறார் குருநகர் அம்மா ஒருவர். கையில் செபமாலை. யுத்தத்தில் காணாமல் போன மகனைத் தேடுகிறாராம். எங்காவது எலும்பு கிளம்பியதாகக் கேள்விப்பட்டால் பஸ் ஏறிவிடுவாராம்.

"மாடெண்டு என்னண்டு தம்பி தெரியும்?" என்று பொறுப்பாளரைக் கேட்கிறார்.

"வடிவாப் பாருங்கோ அம்மா. அறுத்துத் தேச்சிருக்கு. கோக்கிறதுக்கு ஓட்டையும் போட்டிருக்கு. மனிசர் செய்த வேலை."

"எங்கடை பிள்ளையளின்ரை எலும்பிலையும் ஓட்டை இருக்கும் தம்பி. அதுவும் மனிசர் செய்ததுதானே."

நான் வீதியைப் பார்க்கிறேன். பொறுப்பாளர் ஒரு துண்டை எடுத்து அம்மாவின் உள்ளங்கையில் வைக்கிறார். அம்மா அதை வெளிச்சத்துக்குப் பிடித்து, ஓட்டையின் விளிம்பை நகத்தால் தடவுகிறார். நெடுநேரம் தடவுகிறார்.

"ஓம். இது அவசரப்படாமல், பாத்துப் பாத்துப் போட்ட ஓட்டை."

துண்டைத் தட்டில் திருப்பி வைத்துவிட்டு எழும்புகிறார்.

"அப்ப, எங்கடை ஆக்களில்லை."