வேறு தொகுதியின் வேட்பாளர்கள்

தேர்தல் நெருங்கியபோது ஒரு புது நோட்டில் மூன்று பத்திகள் பிரித்துக் கோடு போட்டேன். இடப்பக்கம் விஷயம், நடுவில் ஒரு வேட்பாளர் அணி, வலப்பக்கம் மற்றோர் அணி. வேலைக்குப் போகும் பெண்களைப் பற்றி யார் என்ன சொல்கிறார்கள் என்பதை மட்டும் எழுதுவது என்று முடிவு செய்திருந்தேன்.

காரணம் அம்மா. பக்கவாதத்துக்குப் பிறகு அவர் பகலில் சிங்கப்பூர் தோ பாயோவில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழேயுள்ள முதியோர் பராமரிப்பு நிலையத்தில் இருக்கிறார். நிலையம் மாலை ஆறரைக்கு மூடும். சிராங்கூன் சாலைப் பக்கம் நான் கவுண்டரில் வேலை செய்யும் பல் கிளினிக்கும் ஆறரைக்குத்தான் மூடும். இதுவரை பக்கத்து வீட்டுச் சீனப் பெண்மணி அம்மாவை மேலே அழைத்து வந்தார். மாத இறுதியில் அவர் தன் மகள் வீட்டுக்குக் குடிபோகிறார். காலையில் ஒரு மணி நேரம் முன்னதாக வந்து மாலையில் ஒரு மணி நேரம் முன்னதாகப் போக அனுமதி கேட்டு மேலாளருக்கு எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தேன். விதிப்படி கோரிக்கையை நிர்வாகம் பரிசீலிக்க வேண்டும், பதில் எழுத வேண்டும். ஒப்புக்கொண்டே ஆக வேண்டும் என்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் பெரிய சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் சந்தையில் காய் வாங்கும்போது இரண்டு அணிகளின் துண்டுப்பிரசுரங்களையும் வாங்கிக்கொண்டேன். சாப்பாட்டு நேரத்தில் படித்து எழுதினேன். ஓர் அணி குழந்தைப் பராமரிப்பு நிலையங்களை அதிகமாக்குவோம் என்றது. மற்றது நீக்குப்போக்கான வேலை நேரத்தைச் சட்டமாக்குவோம் என்றது. இரண்டிலும் வேலைக்குப் போகும் பெண் என்றால் கைக்குழந்தையோடு சிரிக்கும் ஒருத்தி. பெற்றோரைப் பார்த்துக்கொள்ளும் மகளுக்கு ஆளுக்கு ஒரு வரி: ஒருவர் ‘ஆதரவளிப்போம்’, இன்னொருவர் ‘ஆராய்வோம்’. அந்தக் கட்டத்தில் இரண்டு சொற்களையும் அப்படியே எழுதிவிட்டுப் பக்கத்தில் கேள்விக்குறி போட்டேன்.

என்னோடு கவுண்டரில் இருப்பவள் நாகூர்ப் பூர்வீகம் கொண்ட பெண், இரண்டு பிள்ளைகளின் தாய். நோட்டை எட்டிப் பார்த்தாள்.

“அக்கா, நீங்களே நின்னுடலாம் லா. நிக்கிறவங்ககூட இதையெல்லாம் இவ்வளவு கவனமா படிச்சிருக்க மாட்டாங்க.”

வாக்களிப்புக்கு முந்தைய ஞாயிறு சந்தையில் ஒரு பெண் வேட்பாளர் கைகுலுக்கிக்கொண்டு வந்தார். என் வயதுதான் இருக்கும். குரல் கட்டியிருந்தது. அந்த ஒரு வரியைக் காட்டி, முதலாளி மறுத்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். அவர் பதில் சொல்லத் தொடங்கினார். கூட வந்த தொண்டர் இளைஞர் எந்த புளோக் என்று என்னிடம் விசாரித்தார். சொன்னேன். அவர் கைபேசியில் பார்த்தார்.

“ஆன்ட்டி, உங்க புளோக் இந்தத் தடவை எங்க தொகுதியில இல்ல. எல்லை மாத்தினப்பவே அந்தப் பக்கம் போயிடுச்சு. வாக்காளர் கார்டு வந்திருக்குமே?”

வந்திருந்தது. பிரித்து, தேதியும் வாக்களிப்பு நிலையமும் பார்த்து, கோப்பில் வைத்திருந்தேன். நிலையம் எப்போதும் போகும் அதே பள்ளிக்கூடம் என்பதால் தொகுதியின் பெயரை நான் படிக்கவில்லை. தபால் பெட்டியில் அறிமுகமில்லாத முகங்களோடு வந்த பிரசுரங்களை, யாரோ தொகுதி மாறிப் போட்டுவிட்டார்கள் என்று பழைய பேப்பர்க் கட்டில் சேர்த்திருந்தேன். தவறு அவர்களுடையது என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

வேட்பாளர் என் கையை விடவில்லை. “அங்க நிக்கிறவங்ககிட்ட கேளுங்க. ஆனா கேக்காம விட்டுடாதீங்க,” என்றார். தன் தாயாரும் படுக்கையில்தான் என்று சொல்லிவிட்டு அடுத்த கடைக்கு நகர்ந்தார். அந்தப் பிரசுரங்கள் இருந்த பழைய பேப்பர்க் கட்டைக் கயிறு கட்டிக் கீழே போட்டு இரண்டு நாளாகியிருந்தது. மறுபடி முதலிலிருந்து தொடங்க எனக்குத் தெம்பில்லை.

செவ்வாய்க்கிழமை மேலாளரின் பதில் வந்தது. மரியாதையான நான்கு வரிகள். மூடும் நேரத்தில் கவுண்டரில் இருவர் தேவை, ஆகவே இயலவில்லை, மாற்று ஏற்பாடு இருந்தால் தெரிவிக்கலாம். கடிதத்தைக் கவுண்டர்த் தோழியிடம் கொடுத்தேன். அவள் இரண்டு முறை படித்தாள்.

“காலையில நான் பிள்ளைங்கள ஸ்கூல்ல விட்டுட்டு ஓடி வர்றேன். நீங்க திறந்துட்டா நான் லேட்டா வரலாம். சாயங்காலம் நான் மூடிடறேன், இன்ஸ்ட்ருமெண்ட் கழுவுற அக்கா கவுண்டருக்கு வந்து நிப்பாங்க. ஆனா என் வீட்டுக்காரருக்கு ரெண்டு நாள் ஷிஃப்ட் இருக்கு. அந்த ரெண்டு நாள் முடியாது, அக்கா.”

நாங்கள் இருவரும் கையெழுத்திட்டு மறுபடி எழுதிக் கொடுத்தோம். வாரத்தில் மூன்று நாளுக்கு அனுமதி கிடைத்தது.

சனிக்கிழமை பள்ளிக்கூடத்தில் வரிசையில் நின்று, எங்கள் புதுத் தொகுதியில் நின்ற, நான் ஒரு வரிகூடப் படித்திராத இரண்டு அணிகளில் ஒன்றுக்கு வாக்களித்தேன். யார் ஜெயித்தார்கள் என்பதை மறுநாள் காலையில் அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டும்போது வானொலியில் கேட்டேன்.

பக்கத்து வீடு இப்போது பூட்டிக் கிடக்கிறது. திங்கள், புதன், வெள்ளி நானே போய் அம்மாவை அழைத்து வருகிறேன். செவ்வாயும் வியாழனும் ஏழு மணி ஆகிவிடுகிறது. நிலையத்தில் பாதி விளக்கை அணைத்துவிட்டு, அம்மாவின் சக்கர நாற்காலியை வாசலோரம் நிறுத்தி, பணிப்பெண் கைப்பையை மாட்டியபடி நின்றிருப்பாள். அவளுக்கும் வீடு இருக்கிறது. நான் ஓடி வந்து மன்னிப்புக் கேட்பேன். பரவாயில்லை என்பாள், கடிகாரத்தைப் பார்க்காமல்.