குவாரித் தண்ணீரில் புகைந்த இடம்

எருத்தேன்பதியில் எங்கள் தோப்புக்குப் பின்னால் ஒரு குவாரி இருக்கிறது. கல் உடைப்பதை நிறுத்திப் பல வருடங்கள் ஆகிவிட்டன. குழியில் தேங்கிய தண்ணீர் அப்படியொரு தெளிவு. அடியில் படிந்த வெள்ளைக் கல்தூளும், யாரோ தூக்கிப்போட்ட ஒற்றைச் செருப்பும் கரையிலிருந்தே தெரியும். எப்போதோ பஞ்சாயத்தில் விட்ட கெண்டைக் குஞ்சுகள் அதில் பன்றிக்குட்டி அளவுக்கு வளர்ந்துவிட்டதாக ஊரில் பேச்சு. ஆனால் பிடித்தவர் என்று யாரும் இல்லை. நாம் மீனைப் பார்ப்பதற்குள் மீன் நம்மைப் பார்த்துவிடும். வேலந்தாவளத்திலிருந்து பளபளக்கும் தூண்டில்களோடு வந்த பையன்கள் கோழிக்குடலைப் போட்டுப் பார்த்துவிட்டு, செல்ஃபி எடுத்துக்கொண்டு போனதுதான் மிச்சம். என் வீட்டுக்காரரும் ஒரு கோடை முழுக்க உட்கார்ந்து பார்த்தார். பிறகு, அதெல்லாம் மீனே இல்லை, சாமியார்கள், இனிமேல் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன் என்று டீக்கடையில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டு எழுந்து வந்தார்.

போன கோடையில் அவருடைய அக்கா, நான் நங்கையா என்று கூப்பிடுகிறவர், அகளியிலிருந்து வந்து கோயம்புத்தூரில் கண்புரை ஆபரேஷன் செய்துகொண்டு எங்கள் வீட்டில் தங்கினார். குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, அடுப்படிப் புகை ஆகாது, கண்ணில் தண்ணீர் படக் கூடாது. செய்ய ஒரு வேலையும் இல்லாமல், புதுக் கண்ணால் என் வீட்டைப் பார்க்க ஆரம்பித்தார். உத்தரத்தில் ஒட்டடை, குழாயடியில் பாசி, டம்ளர் விளிம்பில் சபீனாத் தூள் என்று எல்லாம் தெரிந்தது. தாங்க முடியாமல் ஒரு சாயங்காலம், காற்றாட நடந்துவிட்டு வரலாம் என்று குவாரிக்குக் கூட்டிப்போனேன்.

வண்டித்தடம் முடிகிற மேட்டில், வேப்பமர நிழலில் உட்காரவைத்தேன். ஆஸ்பத்திரியில் கொடுத்த பெரிய கறுப்புக் கண்ணாடியோடு தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தவர் மெதுவாகச் சொன்னார்:

“அம்மணி, அந்த அத்தி மரத்துக்கு நேரா தண்ணிக்குள்ள புகையுது பாரு.”

“தண்ணிக்குள்ள எப்படிங்க புகையும்?”

“எனக்கென்ன தெரியும்? வெள்ளையாக் கெளம்புது, அடங்குது, மறுக்காக் கெளம்புது.”

எனக்குத் தண்ணீர்மேல் பளபளத்த வானமும் மேகமும்தான் தெரிந்தன. கண்ணாடியைக் கொஞ்சம் கொடுங்கள் என்று வாங்கி மாட்டிப் பார்த்தேன். மினுமினுப்பு போய்விட்டது. அடித்தரையிலிருந்து கல்தூள் பால்போலக் கலங்கி எழுந்தது. அதற்குள் தவிட்டு நிறத்தில் ஒரு முதுகு திரும்பியது. நான் வாய்க்கால் கரையில் வளர்ந்தவள். எங்கள் அப்பாவுக்கு இருந்த ஒரே பொழுதுபோக்கு தூண்டில்தான். மண்ணைக் கிளறி மேய்கிற கெண்டையைப் பார்த்ததும் எனக்குக் கை பரபரத்தது.

மறுநாள் கடலைப் புண்ணாக்கையும் தவிட்டையும் ராகிக் களியில் பிசைந்து உருட்டிக்கொண்டு போனோம். முதலில் தூண்டில் முள் இல்லாமல் வெறும் உருண்டைகளை மட்டும் புகைகிற இடத்தில் போட்டேன். மீன்கள் வந்து சுற்றிப் பார்த்துவிட்டுப் போய்விட்டன. என் கிளிப்பச்சைப் புடவைதான் காரணம் என்றார் நங்கையா. அதற்கடுத்த நாள் வீட்டுக்காரரின் பழைய காக்கிச் சட்டையையும் சாயம்போன லுங்கியையும் மாட்டிக்கொண்டு பாறைக்குப் பின்னால் பதுங்கினேன். அந்த வழியாக ஆடு ஓட்டிக்கொண்டு போன பக்கத்துத் தோட்டத்து அம்மா, என்னை யாரோ ஆண்பிள்ளை என்று நினைத்து, குவாரியில் இப்படி ஒளிந்து உட்கார்ந்திருக்கிறாயே, வெட்கமாக இல்லையா என்று திட்டிவிட்டுப் போனார்.

ஆனால் மீன்கள் தின்றன. சில நாள் சும்மாவே தின்னவிட்டோம். பிறகு உருண்டைக்குள் முள்ளை வைத்தேன். மற்றதெல்லாம் தின்றுவிட்டு அதை மட்டும் விட்டுவிட்டன. தூண்டில் நரம்பு வெயிலில் கம்பிபோல மின்னுவதாக மேட்டில் இருந்த நங்கையாவிடமிருந்து செய்தி வந்தது. நரம்புக்குச் சேறு பூசி, தரையோடு தரையாகப் படியவிட்டேன். சத்தம் போடக் கூடாது என்பதால் கைச்சாடைதான். நங்கையா வலது கையைத் தூக்கினால் இழுக்க வேண்டும். ஒரு முறை தூக்கினார், வேகமாக இழுத்தேன். வெறும் முள்தான் வந்து லுங்கியில் மாட்டியது. ஈ ஓட்டினேன் என்றார்.

கடைசியில் ஒருநாள் மாலை அந்தக் கை மறுபடி உயர்ந்தது. ஈயோ என்று யோசித்துக்கொண்டேதான் இழுத்தேன். மூங்கில் கோல் வில்லாக வளைந்தது. அது இழுத்த இழுப்பில் முழங்கால்வரை தண்ணீருக்குள் போய்விட்டேன். கோலைப் போட்டுவிட்டு நரம்பைத் தலையில் கட்டியிருந்த துண்டில் சுற்றிப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாகவே மேடேறினேன். மீசை வைத்த, மஞ்சள் வயிற்றுக் கெண்டை கரையில் வந்து விழுந்து, முள்ளை உதறிவிட்டுத் தண்ணீரைப் பார்த்துத் துள்ளியது. அதற்குள் நங்கையா இறங்கி வந்துவிட்டார்.

“குனியாதீங்க!” என்று கத்தினேன்.

அவர் குனியவில்லை. நிமிர்ந்தபடியே, கறுப்புக் கண்ணாடியோடு, அதன்மேல் ஒரு காலைத் தூக்கி வைத்து நின்றார்.

வீட்டுக்கு வந்து மீனை அறுத்தபோது குடல் நிறைய மஞ்சள் தோலும் பருப்பும். பக்கத்தில் நின்ற நங்கையா, சோளமாட்டம் இருக்கிறதே என்றார். மக்காச்சோளமேதான், வேகவைத்தது. மாட்டுக்கு வாங்கி வைத்திருந்த சோளம் கொஞ்ச காலமாகக் குறைகிறதே என்று நான் எலிப்பொறி வைத்திருந்தேன். எலி சோளத்தை வேகவைக்காது.

வீட்டுக்காரர் வந்து, அண்டாவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த தலையைப் பார்த்தார். ஆச்சரியப்படவே இல்லை. தெரிந்த முகத்தைப் பார்த்த மாதிரி நின்றார்.

“எங்க புடிச்சீங்க?”

“அத்தி மரத்துக்கு நேருங்க.”

“அது நான் தீனி போட்டுப் பழக்கி வெச்ச எடம்” என்றார்.

பிறகு எல்லாம் வெளியே வந்தது. தினமும் விடிகாலையில் சொசைட்டிக்குப் பால் கொண்டுபோகிற வழியில், வேகவைத்த சோளத்தை அங்கே வீசிவிட்டுப் போயிருக்கிறார். டீக்கடையில் சொன்ன சொல்லுக்காக யாரிடமும் மூச்சுவிடவில்லை. அவர் முள் போட்ட நாளெல்லாம் அவை சோளத்தைத் தின்றுவிட்டு முள்ளை விட்டுவிட்டனவாம். மீன் இருக்கிற இடத்தை நாங்களே கண்டுபிடித்ததாக நினைத்திருந்த எங்கள் இருவருக்கும் முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

“நீ வளத்துன, நான் பாத்தேன், இவ புடிச்சா” என்று நங்கையா தீர்ப்புச் சொன்னார். “கொழம்பு ஆறுது, உக்காரு.”

கொஞ்ச நேரம் முறுக்கிக்கொண்டு நின்றவர், பிறகு உட்கார்ந்து எங்கள் இருவரையும்விட அதிகமாகச் சாப்பிட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூன்று பேருமாகப் போனோம். எப்படி எறிய வேண்டும், எங்கே எறிய வேண்டும் என்று வீட்டுக்காரர் ஓயாமல் சொல்லிக்கொண்டே இருந்தார். ஒரு மீனும் கிட்டே வரவில்லை. பொறுத்துப் பார்த்த நங்கையா, தம்பி, தொண்டை வறண்டுபோச்சு, போய் மூன்று டீ வாங்கிவா என்று அனுப்பினார். அவருடைய பைக் சத்தம் தோப்பைத் தாண்டி மறைந்ததும், தண்ணீருக்குள் மெல்லப் புகைய ஆரம்பித்தது.