வேஜிபென் கண்ட பகல் கனவு

எங்கள் வீட்டுக்கும் வேஜிபென் வீட்டுக்கும் நடுவே ஒரே ஒரு தகரச் சுவர்தான். அவள் ஆஸ்பத்திரியில் இரவு ஆயா. காலை எட்டு மணிக்கு வந்து, ரொட்டி சுட்டு வைத்துவிட்டுப் படுப்பாள். பத்து மணிக்குள் கூரை அனல் கக்கத் தொடங்கிவிடும். ஈரத்துணியைப் போர்த்திக்கொண்டு அவள் புரள்வது எனக்குக் கேட்கும். பதினொரு வருடம் அப்படித்தான் போனது. அகமதாபாத் கோடையில் பகலில் தூங்க யாரால் முடியும்?

போன வைசாக மாத வெயிலில் வார்டிலேயே மயங்கி விழுந்தாள்.

"பகல்ல தூங்கறியா?" என்று கேட்டாராம் டாக்டர்.

"படுக்கறேன் சாஹேப்."

அதனால்தான், எங்கள் பெண்கள் சங்கத்தில் கூரைக்கு வெள்ளைப் பூச்சு கொடுத்தபோது முதலில் கை தூக்கியவள் அவள். பூசினால் வெயிலை அது திருப்பி அனுப்பிவிடும் என்றார்கள். விடியலில் நாங்கள் இருவரும் பலகை போட்டு ஏறினோம். தகரம் பறக்காமலிருக்க வைத்திருந்த பழைய டயர்களை இறக்கி, துடைப்பத்தால் தேய்த்துக் கழுவி, இரண்டு தரம் பூசினோம்.

கீழே காய்கறி வண்டியைப் பிடித்தபடி அவள் புருஷன் ஜேட்டாபாய் சிரித்தார். "கூரைக்குப் பவுடரா? மாப்பிள்ளை பாத்துட்டியா?"

"உங்களுக்குப் பூசி ஒண்ணும் ஆகல, அதான் கூரைக்குப் பூசறேன்" என்றாள்.

மூன்றாம் நாள் நடுப்பகலில் சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. மறுபடி மயங்கிவிட்டாளோ என்று பயந்துபோனேன். ஓடினேன். வியாபாரத்துக்குப் போகாமல் வாசலில் உட்கார்ந்திருந்த ஜேட்டாபாய் உதட்டில் விரல் வைத்தார்.

"தூங்கறா. நானும் பயந்து ரெண்டு தரம் மூக்குல கை வெச்சுப் பாத்துட்டேன்."

உள்ளே வெக்கை இருந்தது. ஆனால் அடுப்பை அணைத்த பிறகு இருக்குமே, அந்த அளவுதான். ஈரத்துணி வாளியிலேயே கிடந்தது. வேஜிபென் வாயைத் திறந்துகொண்டு, எங்கோ தண்ணீரில் மிதந்து போகிறவள் மாதிரி கிடந்தாள். பழைய இரும்புக்காரன் கூவிக்கொண்டு வந்தான். ஜேட்டாபாய் கையசைத்தே அவனைத் திருப்பி அனுப்பினார்.

ஐந்து மணி வாக்கில் எழுந்து, படுத்த இடத்திலேயே உட்கார்ந்து, கண்ட கனவைச் சொன்னாள்.

"ஒரு ஒட்டகம் வார்டுக்குள்ள வந்து மாத்திரை கேட்டுச்சு. குடுத்தேன்."

"ஒட்டகம் நான்தானே?" என்றார் ஜேட்டாபாய்.

"இல்ல. அது எதுவும் பேசாம முழுங்கிடுச்சு."

அதற்கப்புறம் அவளுக்கு மயக்கம் வரவில்லை. புழுதிக்காற்று அடித்த மறுநாள் மட்டும் ஏறிக் கூரையைக் கழுவிவிடுகிறாள். மழைக்கு முன்னால் எங்கள் வரிசையில் ஆறு கூரைகள் வெளுத்துவிட்டன. எழுந்ததும் கனவை என்னிடம் சொல்லுவாள். நேற்று எதுவுமே வரவில்லையாம், வெறுமனே தூங்கினாளாம்.