போதகருக்காகப் பிடித்த பிளசர் கார்

மக்கா, கதை வேற மாதிரி பரவும் முன்ன, இன்னைக்கு நடந்ததை நானே எழுதி வாசகசாலைப் பலகையில ஒட்டிருதேன்.

நம்ம போதகருக்கு மாற்றல். வண்டி பிடிக்கிற பொறுப்பு எனக்கு. மார்த்தாண்டம் போயி பெரிய பிளசர் காராப் பாத்துப் பேசினேன். போதகர், அவரு வீட்டம்மா, ரெண்டு பிள்ளைய, துணைக்கு நான். சாமான்னா ரெண்டு பெட்டி, ஒரு படுக்கை.

"காலை நீட்டிட்டுப் போலாம்"னு சபையில எழுந்து நின்னு சொன்னேன்.

காலையில வழியனுப்ப சபையே திரண்டு வந்துது. வெறுங்கையோட ஒருத்தரும் வரல்ல. சக்கப்பழம், ஏத்தவாழைக்குலை, ஒரு சாக்கு தேங்காய், கோழி, கடைசியா ஒரு ஆடு. எல்லாம் காருக்குள்ள ஏறினதும் ஆளு இருக்க இடமில்ல.

"எதையாவது இறக்கணுமே"ன்னேன்.

போதகரம்மா மெதுவா, "குடுத்தவங்க எல்லாரும் பாத்துட்டு நிக்காங்க சாரே. யாரு குடுத்ததை இறக்குவிய?"ன்னாங்க.

அதனால ஆளை இறக்கினோம். முதல்ல பிள்ளைய, பிறகு அம்மா. கடைசியில போதகரும் இறங்கி, "நாங்க பஸ்ஸுல வாறோம். நீங்க ஆட்டைப் பாத்துக்கிடுங்க"ன்னுட்டாரு.

புது ஊருல சபையார் மாலையோட ரோட்டுல காத்து நின்னாங்க. காரு நின்னதும் பாட்டு ஆரம்பிச்சுது. கதவைத் திறந்தேன். முதல்ல இறங்கினது ஆடு.

மாலை வச்சிருந்த பெரியவரு நீட்டின கையோட அப்படியே நின்னாரு. பாதி மாலையை ஆடு தின்னுட்டுது.

ஆனா நான் சபையில சொன்னது பொய்யில்ல. ஆடு வழி முழுக்கக் காலை நீட்டிட்டுத்தான் வந்துது. என் மடியில.

அதைக் குடுத்த புண்ணியவான் யாருன்னு பேரை எழுதுங்க. கீழே இடம் விட்டிருக்கேன்.