பட்டுத் துணிக்கு அடியில் போன யானைகள்

பெண்பிள்ளைகளுக்குக் காகிதம் மடிக்கச் சொல்லிக் கொடுக்கிற உத்தியோகத்தில் ஒரு வசதி உண்டு. அது ஒரு உத்தியோகம் என்று யாருமே ஒத்துக்கொள்ள மாட்டார்கள். பாட்டு டீச்சர், தையல் டீச்சர், டிரில் மாஸ்டர் என்று பரீட்சையில் வராத எதையாவது சொல்லிக் கொடுத்துக் காலம் தள்ளியவர்கள் உங்களிலும் இருப்பார்கள். உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கணக்குப் பாடம் முடியவில்லை என்றால் முதலில் பறிபோவது நம்முடைய பீரியட்தான். ஸ்டாஃப் ரூமில் நாற்காலி குறைந்தால் நிற்பதும் நாம்தான்.

கடலைக்காய்க்காரனும் நானும்

சுதந்திரம் வந்த புதிது. மைசூரில் ஒரு பெண்கள் மிடில் ஸ்கூலில் என்னைத் தற்காலிகக் கைவேலை டீச்சராகப் போட்டிருந்தார்கள். அப்போது காகிதத்துக்கு இருந்த தட்டுப்பாடு இருக்கிறதே, அரிசியாவது கியூவில் நின்றால் கிடைக்கும். பள்ளிக்கூடத்தில் மாசத்துக்கு ஒரு சின்னக் கட்டுக் காகிதம் கொடுப்பார்கள், அதற்கும் முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் கொடுப்பார்கள். மீதிக்கு நான் ஊதுபத்திக்காரர்கள் வீட்டு வாசலில் போய் நின்று, கிழிசல் என்று ஒதுக்கிய கலர்த் தாள்களைக் கேட்டு வாங்கி வருவேன். அதனால் எங்கள் வகுப்பில் வருஷம் முழுக்க மல்லிகை ஊதுபத்தி வாசனை.

ஹெட்மிஸ்ட்ரஸ் கமலம்மாவுக்குத் தாய்மொழி கன்னடம். என்னிடம் மட்டும் தமிழைக் கன்னட ராகத்தில் பேசுவார். நல்ல மனுஷி, ஆனால் கணக்கில் பைத்தியம். ஒருநாள் கூப்பிட்டு, நவராத்திரி சமயத்தில் இன்ஸ்பெக்ட்ரஸ் வரப்போவதாகச் சொன்னார். பெண்கள் செய்ததை அவர் பார்ப்பார். பிடித்திருந்தால் பீரியட் நிற்கும், எனக்கும் வேலை நிரந்தரமாகும். இல்லாவிட்டால் பீரியட் கணக்குக்குப் போகும், நான் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். வீட்டிலோ என் சம்பளத்தை நம்பி அம்மாவும் காலேஜில் படிக்கிற தம்பியும். "இது முக்கியமான வித்தை, மேடம்" என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். கமலம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "காகிதம் மடிக்கறதுக்கு ஒரு டீச்சர் எதுக்கம்மா? நம்ம வாசல்ல கடலைக்காய்க்காரன் தினமும் பொட்டலம் மடிக்கறானல்லா?"

ஒழுகாத கோப்பை

முதல் பாடம் எப்போதும் கோப்பை. வீட்டில் சின்னப் பெண்கள் இருந்தால் நீங்களும் சொல்லிக் கொடுக்கலாம், கஷ்டமே இல்லை. சதுரக் காகிதத்தை மூலைக்கு மூலை வைத்து முக்கோணமாக மடியுங்கள். அகலப் பக்கம் கீழே இருக்கட்டும். கீழ் மூலை ஒவ்வொன்றையும் எதிர்ப்பக்கத்து விளிம்பில் கொண்டுபோய்ச் சேருங்கள். மேலே நிற்கிற இரண்டு நுனியில் ஒன்றை முன்னாலும் மற்றதைப் பின்னாலும் மடித்துவிட்டால் தீர்ந்தது. பசை வேண்டாம், நூல் வேண்டாம். ஆனால் மடிப்பைக் கட்டைவிரல் நகத்தால் ஒரு இழுப்பு இழுக்க வேண்டும். அங்கேதான் விஷயம் இருக்கிறது.

என் வகுப்பில் பாதிப் பேர் விரலை நாக்கில் தொட்டுத்தான் மடிப்பார்கள். யதுகிரி என்று மேல்கோட்டை ஐயங்கார் வீட்டுப் பெண், "டீச்சர், எல்லாரும் எச்சில் பண்றா" என்று நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டு உட்காருவாள். அவளுக்குப் பக்கத்தில் கோபிநத்தத்திலிருந்து வந்து மாமன் வீட்டில் தங்கிப் படிக்கிற மாதம்மா. ஒருத்திக்கு ஆசாரம், இன்னொருத்திக்கு வாய். நகத்தால் மடித்தால் சொட்டுத் தண்ணீர் ஒழுகாது என்று நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, மாதம்மா எழுந்து போய்ப் பானையிலிருந்து தன் கோப்பையில் தண்ணீர் மொண்டு வந்துவிட்டாள். வகுப்பே கோப்பையின் அடியைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒழுகவில்லை. அந்தச் சின்னக் கை அப்படி மடித்திருந்தது. எனக்கே ஆச்சரியம். அவள் அதை நிதானமாகக் குடித்து முடித்து உதட்டைத் துடைத்துக்கொண்டாள்: "தண்ணி நிக்குதுங்க டீச்சர், ஊதுபத்திய முழுங்குன மாதிரி இருக்குது, அவ்வளவுதானுங்க."

வெட்டினால் பாவம்

அடுத்த வாரம் காகிதப் பூ. அதற்குக் கத்திரிக்கோல் வேண்டும். கலர்த் தாள் தீர்ந்துபோய்ப் பழைய நியூஸ் பேப்பரை எடுத்துக் கொடுத்தேன். யதுகிரி வாங்கினாள், கண்ணில் ஒற்றிக்கொண்டாள், மேஜைமேல் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள். எழுத்து இருக்கிற காகிதம் சரஸ்வதியாம், அதை எப்படி வெட்டுவது என்றாள். காலில் காகிதம் பட்டால் நாமெல்லாம் தொட்டுக் கும்பிடுகிறவர்கள்தான், இல்லையென்று சொல்லவில்லை. அதற்காகப் பூப் பண்ணாமல் இருக்க முடியுமா? "இன்ஸ்பெக்ட்ரஸிடம் இதைத்தான் காட்டப் போகிறோமா?" என்று நானும் கொஞ்சம் சத்தமாகத்தான் கேட்டுவிட்டேன். அழுதுகொண்டே வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் அவள் அப்பா சம்பத் ஐயங்கார் குடையும் திருமண்ணுமாக வந்து நின்றார். ஆபீஸில் குமாஸ்தா. சண்டைக்குத்தான் வந்திருந்தார். எனக்கும் கோபம் மூக்கு நுனியில்தான் இருக்கும். "பழைய பேப்பரில் உங்கள் வீட்டில் வடையை ஒற்றி எடுப்பதில்லையா, ஸ்வாமி?" என்று கேட்டேன். அவர் பின்பெஞ்சில் போய் உட்கார்ந்து வகுப்பு முழுவதையும் பார்த்தார். பார்க்கப் பார்க்கக் கை சும்மா இருக்கவில்லை. பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, பெண்களைப் பார்த்துப் பார்த்து மடித்து, பீரியட் முடிவதற்குள் ஒரு கத்திக்கப்பல் பண்ணிவிட்டார். அதை மகளிடம் கொடுத்தபோது அந்த மனிதர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து என் கோபமெல்லாம் போய்விட்டது. போகும்போது வாசலில் நின்று சொன்னார்: "மடிக்கறதுக்கு எங்களுக்கு ஆட்சேபணையே இல்லை அம்மா, வெட்டாம என்ன வேணும்னாலும் பண்ணிக்கோங்கோ."

இது யானை இல்லை

அன்றைக்குக் கத்திரிக்கோலைப் பெட்டியில் போட்டவள்தான், அப்புறம் எடுக்கவே இல்லை. வெட்டாமல் ஒட்டாமல் வெறும் மடிப்பிலேயே என்ன செய்யலாம் என்று யோசித்து, தசரா ஊர்வலத்தையே காகிதத்தில் செய்துவிடுவது என்று முடிவு செய்தோம். மைசூரில் பிறந்த பெண்ணுக்கு ஜம்பூ சவாரியைப் பற்றிச் சொல்லித் தர வேண்டுமா? முன்னால் குதிரைகள், பின்னால் வரிசையாக யானைகள், நடுவில் அம்பாரி. அம்பாரிக்கு மட்டும் ஊதுபத்திக் கட்டில் வந்த ஜிகினாத் தாள்.

குதிரை வந்துவிட்டது. யானைதான் வரமாட்டேன் என்றது. நான் ராத்திரியெல்லாம் உட்கார்ந்து ஒரு யானை மடித்துக் கொண்டுபோய் மேஜைமேல் வைத்தேன். பெண்கள் மரியாதைக்குச் சும்மா இருந்தார்கள். மாதம்மா ஊரில் யானை வயலுக்குள்ளேயே வந்து நிற்குமாம். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தும்பிக்கை மடிப்பைப் பிரித்து, உள்பக்கமாக ஒருதரம், வெளிப்பக்கமாக ஒருதரம் மடித்தாள். யதுகிரி காதைக் கொஞ்சம் கீழே இறக்கி நகத்தால் இழுத்தாள். சத்தியமாகச் சொல்கிறேன், யானை வந்து நின்றது. ஆசாரமும் வாயும் சேர்ந்து ஒரு வேலை செய்தால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். அன்று முதல் இருவரும் ஒட்டிக்கொண்டார்கள், வகுப்பு முழுக்க யானை பெருகியது. என் முதல் யானையை என்ன செய்வது என்று கேட்டேன். மாதம்மா கொஞ்சம் யோசித்தாள்: "அது நல்ல பன்னிங்க டீச்சர், அதயும் கடைசில நடக்க உடுங்க."

பூஜையில் போய் உட்கார்ந்தது

இன்ஸ்பெக்ட்ரஸ் வருவதாகச் சொன்ன நாள் வந்தது. ஊர்வலத்தைப் பெஞ்சுமேல் அடுக்கி வைத்துவிட்டுச் சாயங்காலம் வரைக்கும் காத்திருந்தோம். அவர் வரவில்லை. மறுநாள் பள்ளிக்கூடத்தில் சரஸ்வதி பூஜை, அது முடிந்தால் தசரா லீவு. இனி வரமாட்டார், லீவு முடிந்துதான் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டோம். பூஜையன்று காலையில் நான் வாசலில் மாவிலைத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தேன். தீபாராதனை மணி கேட்டது. உடனே தெருவில் குதிரை டாங்கா வந்து நிற்கிற சத்தமும் கேட்டது. இறங்கினவர் இன்ஸ்பெக்ட்ரஸ்.

வகுப்புக்கு ஓடினேன். பெஞ்சு காலி. யதுகிரி ஓடி வந்தாள், முகமெல்லாம் பெருமை. மற்றவர்கள் புத்தகத்தைப் பூஜையில் வைத்தார்களாம், நம் வகுப்புக்குத்தான் புத்தகமே கிடையாதே, அதனால் யானை குதிரை எல்லாவற்றையும் வைத்துவிட்டாளாம். ஹாலில் போய்ப் பார்த்தேன். பள்ளிக்கூடத்துப் புத்தகமெல்லாம் மலையாகக் குவித்து, மேலே பட்டுத் துணி போர்த்தி, சந்தனம் குங்குமம் வைத்து, பூவும் போட்டாகிவிட்டது. துணி ஓரத்தில் ஒரு தும்பிக்கை மட்டும் வெளியே தெரிந்தது. விஜயதசமி வரைக்கும் அதைத் தொடக் கூடாது. படிக்கக் கூடாது, எழுதக் கூடாது, வேறு காகிதத்தைக்கூட எடுக்கக் கூடாது. என் வேலை அந்தப் பட்டுத் துணிக்கு அடியில் இருந்தது. குழந்தையைத் திட்டவும் மனசு வரவில்லை. அவள் செய்ததில் ஒரு தப்பும் இல்லை, நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். இன்ஸ்பெக்ட்ரஸ் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து கைகூப்பிச் சேவித்துவிட்டு, பெண்கள் செய்தது எங்கே என்று கேட்டார். நல்ல தமிழ்க்காரி. கமலம்மா துணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்: "எல்லாம் சரஸ்வதி கிட்ட இருக்கு மேடம், அவங்கதான் இப்போ இன்ஸ்பெக்ஷன் பண்ணிண்டிருக்காங்க."

வாட்டின இலை

பிரசாதமாவது கொடுத்து அனுப்பலாம் என்று கமலம்மா சுண்டல் கொண்டுவரச் சொன்னார். நஞ்சன்கூட்டிலிருந்து வந்த வாழையிலைக் கட்டு ஓரமாக இருந்தது. மாதம்மா அதிலிருந்து ஒரு இலையை உருவிக்கொண்டு ஆயாவின் கரி அடுப்புக்குப் போனாள். தணலில் இப்படியும் அப்படியும் காட்டினாள். பச்சை இலையை மடித்தால் விரிந்துபோகும். வாட்டிவிட்டால் துணி போலச் சொன்னபடி கேட்கும். கட்டுச்சாதம் கட்டுகிற எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனால் அந்த நேரத்தில் என் மூளைக்கு அது எட்டவில்லை. கையாலேயே சதுரமாகக் கிழித்தாள். மூலைக்கு மூலை, விளிம்புக்கு விளிம்பு, நகத்தால் ஒரு இழுப்பு. கோப்பை. யதுகிரி அதில் சுண்டலைப் போட்டு இரண்டு கையாலும் இன்ஸ்பெக்ட்ரஸிடம் நீட்டினாள்.

அவர் கோப்பையைத் தூக்கி அடியில் தொட்டுப் பார்த்தார். "இப்படி யாருக்கெல்லாம் மடிக்கத் தெரியும்?" என்றார். "நாங்க எல்லாருமேங்க" என்றாள் மாதம்மா. எல்லோரும் அடுப்பைச் சுற்றி நின்றுகொண்டு, நான் வாயைத் திறக்காமலே, ஆளுக்கொரு இலையை வாட்டி மடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். கோப்பை வந்தது, கப்பல் வந்தது, குதிரை வந்தது, கடைசியில் பச்சை யானைகளும் வந்தன. கத்திரிக்கோல் இல்லாமல் பழகியிருந்ததற்கு சம்பத் ஐயங்காருக்கு மனசுக்குள் ஒரு நமஸ்காரம் போட்டேன். அந்தப் பெண்களைப் பார்த்துக்கொண்டு நின்ற எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, கரிப்புகை என்று சொல்லிச் சமாளித்தேன். இன்ஸ்பெக்ட்ரஸ் ஒரு யானையை எடுத்துக் கைப்பையில் பத்திரமாக வைத்துக்கொண்டார். சுண்டலையும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு முடித்து, கமலம்மாவிடம் திரும்பினார்: "இந்த டீச்சரையும் பீரியடையும் யாரும் தொட வேண்டாம், ஆனால் இவ்வளவு நன்றாக இலையில் வருகிறதே, இனிமேல் இவர்களுக்குக் காகிதம் எதற்கு?"

ஆக, மாசாந்தரக் காகிதக் கட்டும் நின்றுபோய், காகித வேலை டீச்சர் என்று பேர் மட்டும் வைத்துக்கொண்டு, மாசாமாசம் கையெழுத்துப் போட்டு நான் வாங்கிய சம்பளமெல்லாம் வாழையிலை வாட்டியதற்குத்தான்.