அலமாரிச் சாவி

பழைய மரச்சாமான் வாங்க வந்தவர், "அலமாரி சாவி எங்கம்மா?" என்றார். அறுபது வருஷம் ஆகியும் எனக்குக் கன்னம் எரிந்தது.

அப்போது திருப்பாதிரிப்புலியூர் வீட்டில் யாரும் சாவி என்று சொல்லக் கூடாது. அது அப்பாவின் சட்டம். அரிசி, சர்க்கரை, அம்மாவின் நகை எல்லாம் அலமாரிக்குள் இருக்கும். சாவி அவர் அரைஞாணில் தொங்கும்.

"அது போர்ச்சுகீசியன் சொல்லு. இந்திக்காரனும் அதத்தான் சொல்றான். ஒன் பரங்கிப்பேட்ட புத்தி போவுமா? திறவுகோல்னு கேளு" என்பார். பரங்கிப்பேட்டையில் பிறந்த அம்மா, அடுப்பில் உலை கொதிக்க, அப்படியே கேட்பாள்.

தமிழ் வாத்தியார் வகுப்பில் சொன்னதை ஒருநாள் அப்பாவிடம் சொன்னேன். "அலமாரியும் போர்ச்சுகீசியன் சொல்லுதாம்ப்பா. ரெண்டும் ஒரே கப்பல்ல வந்துச்சாம்."

கன்னத்தில் அறை விழுந்தது. மறுநாள் முதல் எங்கள் வீட்டு அலமாரி பேழையானது. சொல்லைத் தூக்கி எறிய அவருக்கு ஒரு நாள் போதும். சாவியை மட்டும் சாகும்வரை அவிழ்க்கவில்லை.

வந்தவர் இன்னும் காத்திருந்தார்.

"கெடிலம் ஆத்துல கெடக்குது" என்றேன். "எங்கப்பா காரியம் முடிஞ்ச அன்னிக்கு எங்கம்மாதான் வீசனாங்க. அதுக்கப்புறம் இதப் பூட்டவே இல்ல."