தொட்டிலக்கா விலை சொன்ன கதை

எங்கள் தெருவில் அவரைத் தொட்டிலக்கா என்றுதான் சொல்வோம். மூன்று மாடிக் கட்டிடத்தில் தரைத்தளத்து வீடு. முன்னறையில் நாற்காலி, மேசை எதுவும் கிடையாது. தரை முழுக்கக் கனத்த பாய், சுவரோரம் மரத் தொட்டில்கள், சன்னலுக்குக் கீழே துணி மாற்றுகிற பலகை, அதன் பக்கத்தில் மூடி போட்ட வாளி. உள்ளே வருகிறவர்கள் செருப்பை வெளியே விட்டுவிட்டு, வாசலை ஒட்டிய குழாயில் முழங்கை வரை கழுவிக்கொண்டுதான் வர வேண்டும். எந்தக் கொம்பன் வந்தாலும் அதுதான் சட்டம்.

பதினான்கு வருஷம் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்தவர். பிறந்து ஒரு மணி நேரம் ஆன பிள்ளையை ஒரு கையில் ஏந்தி மறு கையால் துடைத்து எடுத்துவிடுவார். ஆஸ்பத்திரியில் அந்தப் பிரிவை மூடியதும் வீட்டோடு இருந்துவிட்டார். கணவர் லிப்ட் மெக்கானிக். ஒரே மகள் வெளியூரில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள்.

அவர் இதைத் தொழிலாகத் தொடங்கவில்லை. நேர் மேல் வீட்டில் ஒரு பெண் இருந்தாள். மருந்துக்கடையில் வேலை. குழந்தைக்கு ஐந்து மாதமானபோது விடுப்பு முடிந்து, போயே ஆக வேண்டும் என்ற நிலைமை. ஒரு வாரத்துக்கு மட்டும் பார்த்துக்கொள்ளச் சொல்லிக் குழந்தையைக் கொண்டுவந்து கையில் கொடுத்தாள். அந்த ஒரு வாரம் ஆறு மாதமாக நீண்டுவிட்டது. எவ்வளவு என்று அவளும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. வாரத்துக்கு இரண்டு முறை பழப்பை ஒன்று சமையலறை மேடையில் வந்து உட்கார்ந்திருக்கும்.

வாய்வழியாகச் செய்தி பரவி மற்றவர்கள் வந்தார்கள். முதலில் ஒரு பஸ் கண்டக்டர். இந்த வேலையில் அபூர்வமாகத் தெரிகிற பெண் கண்டக்டர்களில் ஒருத்தி. அப்புறம் ஒரு டியூஷன் டீச்சர், ஒரே அலுவலகத்தில் வேலை பார்க்கிற கணவன் மனைவி. கண்டக்டர் விலை கேட்டபோது தொட்டிலக்கா தரையைப் பார்த்துக்கொண்டே, "பார்த்துக் குடும்மா" என்றார். அவள் ஆயிரத்தைந்நூறு கொடுத்தாள். அதுவே விலையாகிவிட்டது. மாதம் முழுக்க, காலை ஏழரையிலிருந்து மாலை ஆறரை வரைக்கும் அதுதான். பால்புட்டி கழுவுகிற சோப்பு, துவைக்கிற தண்ணீர், மின்சாரம், அவசரத்துக்கு மாற்றுத் துணி எல்லாம் அவர் கைக்காசு.

ஐந்தாவதாக வந்தது வீட்டுத் தரகரின் பெண் குழந்தை. நான்கு பிள்ளைகளுக்கு மேல் முடியாது என்று சொல்லத்தான் நினைத்தார். ஆனால் மாதக் கடைசியில் கையைக் கடித்தது. இன்னொன்று வந்தால் ஈடு கட்டலாமே என்று தோன்றிவிட்டது. தரகர் ஆயிரத்தைந்நூறையும் ஆயிரத்து இருநூறாக்கிவிட்டுத்தான் குழந்தையை இறக்கினார்.

மூன்றாவது வாரம் அது நடந்தது. தரகரின் குழந்தை வாந்தி எடுத்திருந்தது. அதைப் பலகையில் கிடத்தித் துடைத்துக்கொண்டிருந்தார். டியூஷன் டீச்சரின் பிள்ளை வீறிட்டது. அதற்கு இன்னொன்று பின்பாட்டு. இத்தனை சத்தத்துக்கு நடுவே, பாயில் கவிழ்ந்து கிடந்த கண்டக்டரின் பையன் மட்டும் சத்தமில்லாமல் இருந்தான். ஆஸ்பத்திரியில் பழகிய காது, அழுகையைவிட அழாத பிள்ளைக்குத்தான் முதலில் திரும்பும். திரும்பிப் பார்த்தார். பையன் முகம் சிவந்து, வாய் திறந்திருந்தது. பாய்ந்து தூக்கி, முன்கையில் கவிழ்த்துப் போட்டு முதுகில் தட்டினார். நான்காவது தட்டில் ஒரு சட்டைப் பொத்தான் தரையில் விழுந்து உருண்டது. அதற்கப்புறம்தான் பையன் அழுதான்.

சாயங்காலம் கண்டக்டர் வந்ததும் ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். பொத்தானையும் எடுத்துக் காட்டினார். அவள் பையனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிட்டு வந்துடுறேன். நாளைக்கும் இங்கதான்கா விடுவேன். நீங்க சொல்லாம விட்டிருந்தா விடமாட்டேன்."

அவள் அப்படிச் சொன்னது தொட்டிலக்காவுக்கு ஆறுதலாக இல்லை. அவருக்குச் சோறு இறங்கவில்லை. பொத்தான் யார் சட்டையிலிருந்து விழுந்தது என்பது கேள்வியில்லை. இரண்டு கைதான் இருக்கிறது, ஐந்து பிள்ளைகளை ஏன் வைத்துக்கொண்டேன் என்பதுதான் கேள்வி. அதற்குப் பதிலும் அவருக்குத் தெரிந்தே இருந்தது.

அவர் தங்கை அடுத்த தெருவில் தையல்கடை வைத்திருக்கிறாள். வாய் கொஞ்சம் நீளம். விஷயத்தைக் கேட்டவள் அக்காவைத் திட்டுவாள் என்றுதான் எதிர்பார்த்தோம். அவள் திட்டவில்லை. செவ்வாய்க்கிழமை கடையைப் பூட்டிவிட்டு, துணி வெட்ட வைத்திருக்கும் பழுப்புக் காகிதம் ஒன்றையும் சாக்குக் கட்டியையும் எடுத்துக்கொண்டு காலை ஏழரைக்கே வந்து முன்னறை மூலையில் சப்பணம் போட்டு உட்கார்ந்தாள்.

"யார் வந்தாலும் நான் முதல்ல அளவு எடுப்பேன். அப்புறம்தான் கூலி சொல்லுவேன். நீ அளவே எடுக்காம கூலி வாங்கிட்டிருக்க. நீ பாட்டுக்கு வேலையைப் பாரு. நான் இங்க இல்லன்னு நெனச்சுக்க."

மாலை வரை அவள் கோடு போட்டுக்கொண்டே இருந்தாள். துணி மாற்றியது இருபத்தோரு தடவை. புட்டி கொடுத்தது பதினாறு. ஏப்பம் வர முதுகு தட்டியது, தூக்கி நடந்தது, பாயைத் துடைத்தது என்று காகிதத்தின் ஒரு பக்கம் நிரம்பி மறுபக்கம் போனது. அக்கா உட்கார்ந்த நேரம் மொத்தம் இருபத்திரண்டு நிமிஷம். அதிலும் பாதி, மடியில் ஒரு பிள்ளையோடு. காகிதத்தைப் பார்த்த தொட்டிலக்கா முதலில் நம்பவில்லை. பிறகு யாரோ தெரியாத பெண்ணின் கஷ்டத்தைக் கேட்டதுபோல, "பாவம்ல" என்றார்.

தங்கை ஆறாயிரம் என்றாள். அக்கா காதைப் பொத்திக்கொண்டார். பேசிப் பேசி நாலாயிரத்தில் வந்து நின்றது. அரை நாளுக்கு இரண்டாயிரத்து இருநூறு. துணியும் பாலும் அவரவர் வீட்டிலிருந்து வர வேண்டும். ஆறரைக்கு மேல் அரை மணிக்கு இவ்வளவு என்று தனி. தலை போனாலும் ஒரு நேரத்தில் நான்கு பிள்ளைகள்தான்.

விலையை முடிவு செய்தது பெரிதில்லை. அதை வாயால் சொல்ல வேண்டுமே. கணவர் ஒத்திகை பார்க்கலாம் என்றார். யாரோ ஒரு பிள்ளையின் அப்பா மாதிரி சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வாசலில் நின்றார். தொட்டிலக்கா நாலாயிரம் என்றார். அவர், வேலை இல்லை, வீட்டு வாடகை ஏறிவிட்டது, மனைவிக்கு உடம்பு சரியில்லை என்று வரிசையாக அவிழ்த்துவிட்டார். மனுஷன் நடிப்பில் கெட்டிக்காரர். ஐந்து நிமிஷத்தில் இவர் இரண்டாயிரத்துக்கு இறங்கி, கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

"ஏங்க, என்னால ஆகாதுங்க."

"பேசினாத்தானே இறங்குவ? எழுதிக் குடுத்துடு. காகிதத்துக்குக் கண்ணீர் வராது" என்றார் அவர்.

அப்படித்தான் அந்த வெள்ளிக்கிழமை ஒவ்வொரு பிள்ளையின் பையிலும் ஒரு காகிதம் போனது.

தரகர் சனிக்கிழமையே வந்து, பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிறீர்களா என்று கத்திவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனார். தொட்டிலக்காவுக்கு அந்தக் குழந்தையை நினைத்து மட்டும்தான் வருத்தம். அலுவலகத் தம்பதி ஒன்றும் கேட்காமல் பணத்தைக் கட்டினார்கள். இவ்வளவு நாள் இதைவிட அதிகம் கேட்பீர்கள் என்று பயந்துகொண்டிருந்தோம் என்று அந்த மனைவி பிறகு ஒருநாள் சொன்னாள்.

கண்டக்டர்தான் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கி நின்றாள். முழு விலை அவளுக்குக் கட்டாது. ஆனால் அரை நாள் என்ற வரியில் விரல் வைத்தாள். அவள் பஸ் டியூட்டி மதியம் ஒரு மணியோடு முடிகிறது. பிள்ளையை மாலை வரை விட்டதற்குக் காரணம், எப்போது எடுத்தாலும் ஒரே காசு என்பதுதான். டியூஷன் டீச்சருக்கோ மதியத்துக்கு மேல்தான் வகுப்பு. காலையில் சும்மா இருந்தும் ஏழரைக்கே கொண்டுவந்து விட்டுக்கொண்டிருந்தாள். கண்டக்டர் பையன் மதியம் வரை, டீச்சர் பிள்ளை மதியத்துக்கு மேல் என்று ஒரே தொட்டிலை இருவரும் பிரித்துக்கொண்டார்கள். விரிப்பை மாற்றுவதுதான் இடையில் வேலை.

மேல் வீட்டுப் பெண்ணுக்கு மட்டும் தொட்டிலக்கா நேரில் கொடுத்தார். மருந்துக்கடைப் பெண் நின்றபடியே படித்து, நான்காக மடித்தாள்.

"என்கிட்டயுமாக்கா?"

அவ்வளவுதான் கேட்டாள். மறுநாள் குழந்தை கீழே வரவில்லை. அவள் கணவரின் அத்தை ஊரிலிருந்து வந்து பார்த்துக்கொள்வதாகத் தெரிந்தது. அந்த நாட்கள்தான் தொட்டிலக்காவுக்குக் கஷ்டமாக இருந்தன. கூரைக்கு மேலே குழந்தை அழும். இது பசி, இது தூக்கம், இது சும்மா முரண்டு என்று கீழே இருந்தே அவருக்குத் தெரியும். படியேறிப் போய்ச் சொல்லிவிடலாமா என்று ஒரு கால் வாசல் வரை போகும். கீழே இருக்கும் பிள்ளைகளை விட்டுவிட்டு எங்கே போவது? கொடுத்த காகிதத்தைத் திரும்ப வாங்கிவிடலாம் என்றுகூட ஒருநாள் கணவரிடம் சொன்னார். அவர் வெந்நீர் போட்டுக் கொண்டுவந்து வைத்தார்.

பத்தாம் நாள் காலையில் அவள் குழந்தையோடு வந்து நின்றாள். அத்தை ஊருக்குப் போகவில்லை, சண்டையும் இல்லை. அவளாக இறங்கி வந்திருந்தாள்.

"முதல்ல கோவம்தான்கா. அப்புறம் யோசிச்சுப் பார்த்தேன். ஆறு மாசமா உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன். மூணு மணிக்கு மேல இவளைத் தூங்க விடாதீங்க, வீட்ல வந்து தூங்கவே மாட்டேங்குறான்னு. சும்மா பார்த்துக்குறவங்ககிட்ட அதைப் பண்ணாதீங்க, இதைப் பண்ணாதீங்கன்னு எந்த வாயால சொல்றது? அதான் பழத்தை வெச்சிட்டுப் போயிடுவேன்."

தொட்டிலக்கா சிரித்துவிட்டார். "அடிப்பாவி. நானும்தான் இவளுக்கு நகம் வெட்டி விடுன்னு சொல்லணும்னு ஆறு மாசமா நெனச்சேன். பழம் குடுக்குறவளை எப்படிக் கேக்குறதுன்னு விட்டுட்டேன். இங்க பாரு, காதுக்குப் பின்னால கீறி வெச்சிருக்கா."

அவளுக்கு மட்டும் ஆயிரம் குறைத்துக்கொள்கிறேன் என்று இவர் தொடங்கினார். வேண்டவே வேண்டாம், குறைத்தால் மறுபடியும் வாயை மூடிக்கொள்ள வேண்டிவரும் என்று அவள் மறுத்துவிட்டாள். அன்றைக்கு மாலை மூன்று மணிக்கு அந்தக் குழந்தையை எழுப்பி உட்கார வைத்தபோது அது போட்ட கூப்பாட்டில், மற்ற தொட்டில்களும் விழித்துக்கொண்டன.

இது நடந்து நாலு வருஷம் ஆகிறது. காகிதம் போய் இப்போது வாசலுக்குள்ளே விலை எழுதிய ஒரு சிறு பலகை இருக்கிறது. வருஷத்துக்கு ஒருமுறை விலை ஏறும். இரண்டு மாதம் முன்னாலேயே சொல்லிவிடுவார். வருஷத்தில் பத்து நாள் விடுமுறை. மகளைப் பார்க்கப் போவார். துணி துவைக்கிற மெஷின் வந்தது. ஒன்றரை வயதாகி ஓடத் தொடங்கிய பிள்ளைகளை வேறு இடத்துக்கு அனுப்பிவிடுவார். அனுப்புகிற அன்றைக்கு மட்டும் சாப்பிடும்போது பேச்சு குறைவாக இருக்கும் என்று கணவர் சொல்வார். மறுநாள் காத்திருக்கும் பட்டியலில் இருந்து இன்னொரு பிள்ளை வந்துவிடும், பேச்சும் திரும்பிவிடும்.

போன மாதம் இரண்டு தொட்டில்கள் காலியாகி, பட்டியலில் முறை வந்த சலூன்காரர் ஒருவர் கையில் இரட்டைப் பிள்ளைகளோடு வந்தார். இரண்டும் ஐந்து மாதம், இரண்டும் ஒரே அச்சு. பலகையைப் படித்தவர், இரட்டைக்கு என்ன விலை என்று எழுதவில்லையே என்றார். ரெண்டு பிள்ளைக்கு ரெண்டு விலை என்றார் தொட்டிலக்கா. ஒரே முகம்தானேக்கா என்று அவர் இழுத்தார்.

"உங்க கடைக்கு இரட்டைப் பசங்க வந்தா ஒரு தலைக்குத்தான் காசு வாங்குவீங்களா?"

அவர் நேர்மையான மனுஷன் போல. கொஞ்சம் யோசித்துவிட்டு, "ரெண்டு தலைக்கும் வாங்குவேன். ரெண்டாவதுக்குக் கொஞ்சம் குறைச்சுப்பேன்" என்றார்.

"அப்போ நானும் கொஞ்சம் குறைச்சுக்கிறேன். போய்க் கை கழுவிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு, அவர் திரும்புவதற்குள் இரண்டையும் வாங்கித் தோளுக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டார் தொட்டிலக்கா.